கதவுக்கு அப்பால் இரண்டு பேர்

நான் பார்த்த படம் ஒன்றே ஒன்றுதான். அதையும் மாற்றிக் கொண்டுவந்து போட்டார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. சாய்ந்தமருதில் கடற்கரைக்கு இரண்டு வளவு தள்ளி எங்கள் வீடு. உம்மாவும் நானும்தான். வாப்பா கடலில் மௌத்தாகிவிட்டார். இப்போது இதை எழுத முடிகிறது. அன்று எங்கள் வீட்டுக்குள் மௌத்து, சாவு என்ற சொல்லே வரவில்லை.

நோன்பு பிடிக்க ஒரு கிழமை இருந்தது. மூன்று பேர் போன தோணி. காற்று திடீரென்று மாறிக் கவிழ்ந்துவிட்டது. இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். மழை மூடிவிட்டதால் வாப்பாவைக் காணவில்லை, கூப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றுவிட்டது என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. உம்மாவைத் தூரத்தில் கண்டால் வேறு ஒழுங்கையால் போனார்கள். உம்மாவும் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

மையித்து, வாப்பாவின் உடல், கரைக்கு வரவில்லை. கரையோரமாகக் கோமாரி வரைக்கும் ஆள் போய்ப் பார்த்தது.

சாட்சி இருக்கிறது, இத்தா இருக்கத்தான் வேண்டும் என்றார் பள்ளிவாசல் லெப்பை. புருஷன் மௌத்தான பெண் வெள்ளை உடுத்து நாலு மாதமும் பத்து நாளும் அறைக்குள் இருப்பது. நாள் ஓடுகிறது, மிச்ச நாளுக்காவது இருக்கச் சொல்லுங்கள் என்று ஆள் அனுப்பினார்.

"மையித்தக் காட்டுங்க. இருக்கன்" என்றார் உம்மா. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைதோறும் வாப்பாவின் சாரனைத் தோய்த்துக் கொடியில் போட்டார். ஒருவரும் உடுக்காத சாரன். பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"சாரன் காயுது. ஊட்டுல மாப்புள வந்து இரிக்காரு போல?"

"தோச்சா காயத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டு உம்மா உள்ளே போனார்.

எனக்கு இருந்த அறிவு இவ்வளவுதான். உம்மா அந்த அறைக்குள் போனால் வாப்பா மௌத்து. போகாவிட்டால் வருவார். அதனால் விடிந்ததும் முதல் வேலையாக உம்மாவின் சீலை என்ன நிறம் என்று பார்ப்பேன். பச்சையோ ஊதாவோ இருந்தால் அன்றைய நாள் தப்பியது. நோன்பு முப்பதும் அப்படியே போனது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளில் கதைத்தது பத்துச் சொல் இருக்காது.

பெருநாள் வந்தது. வாழ்த்துச் சொல்வதா, மௌத்து விசாரிப்பதா என்று தெரியாமல் ஒருவரும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. உம்மா ஆக்கிய சோறு மூடியபடி இருந்தது. உம்மாவின் தம்பி, என் மாமா, மட்டும் வந்தார். முற்றத்தில் தனியே கல் எறிந்து விளையாடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"ராத்தா, இவளக் கடத்தெருவுக்குக் கூட்டிப் போய்ட்டு வாறன்."

கல்முனையில் அப்போது ஒரு படக் கொட்டகை போட்டிருந்தார்கள். கடைத்தெரு என்று மாமா சொன்னது அதைத்தான். எங்கள் ஊரில் படம் பார்ப்பது ஆகாத காரியம். மாமா என் முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டு, முன்வரிசைக் கலரியில் வாங்குப் பலகையில் இருத்தினார்.

பாட்டும் சண்டையும் உள்ள தமிழ்ப் படம் என்றுதான் எழுதி ஒட்டியிருந்தது. படப் பெட்டி மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் மாறி வந்துவிட்டது. ஓடியது ஓர் இங்கிலீசுப் படம். கடலுக்கு அடியில் போகிற கப்பல். சனம் கூவியது. பிறகு, வந்ததற்குப் பார்ப்போம் என்று இருந்துவிட்டது.

மாமா உலக யுத்தக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். இங்கிலீசு தெரியும் என்று சொல்லிக்கொள்வார். திரையில் ஒரு தாடிக்காரர் பாண் ரொட்டி ஒன்றைத் தூக்கிப் பிடித்து ஏதோ சொன்னார். பின்னால் இருந்தவர்கள் மாமாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"காக்கா, அந்தத் தாடிக்காரன் என்னவாம்?"

"பாண் பூஞ்சணம் புடிச்சிட்டாம்."

"அது பாத்தாலே தெரியுதே. பாட்டு எப்ப வரும்?"

"பொறுங்களன்டா. கப்பல் முதல்ல மேல வரட்டும்."

கப்பல் மேலே வரவில்லை. உள்ளே எங்கள் குசினி அளவு இடம். அதற்குள் அத்தனை ஆண்கள். ஒருவர் எழும்பினால் அந்தப் படுக்கையில் இன்னொருவர் படுத்தார். சுவரெல்லாம் வேர்த்து ஒழுகியது. ஒருவர் கடதாசி ஒன்றை மடித்து மடித்துப் பார்த்தார். மேலே எதிரிக் கப்பல் போகும்போது ஒருவரும் மூச்சு விடவில்லை. ஒருவர் கையிலிருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. கொட்டகையில் கச்சான் கடலை விற்ற ஆளும் தட்டோடு அப்படியே நின்றார்.

பிறகு குண்டு விழுந்தது. பின் அறைக்குள் தண்ணீர் பாய்ந்தது. இடையில் இருந்த இரும்புக் கதவைப் பூட்டினார்கள். கதவுக்கு அப்பால் இரண்டு பேர்.

அவர்கள் தட்டினார்கள்.

"திறடா!" என்று கலரி கத்தியது.

"திறந்தா எல்லாரும் போய்டுவாங்க" என்றார் மாமா. யாரும் கேட்காமலே சொன்னார்.

இப்பால் நின்ற தாடிக்காரர் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். தட்டுகிற சத்தத்தை நான் எண்ணினேன். எனக்கு நூறு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். நூறு முடிந்தது. பிறகும் தட்டினார்கள்.

திரும்பி நடக்கும்போது கேட்டேன்.

"மாமா, இப்புடிக் கப்பல் எங்கட கடல்லயும் இரிக்கா?"

"யுத்த நேரம் திருகோணமலையில கண்டிரிக்கன். உம்மாக்கிட்டப் படம் எண்டு வாய் திறந்துடாத, புள்ள."

திருகோணமலைக் கடலும் எங்கள் கடலும் ஒரே கடல். எனக்கு அது போதும். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக உம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கடலுக்கு அடியில் ஆட்கள் இருக்கிறார்கள். தின்கிறார்கள். படுக்கிறார்கள். மாதக் கணக்கில் இருந்து தாடி வளர்ந்து மேலே வருகிறார்கள். வாப்பாவையும் ஏற்றியிருப்பார்கள்.

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. சுளகைக் கீழே வைத்தார்.

"முதல்ல இருந்து சொல்லு."

சொன்னேன். கதவு வந்த இடத்தில் உம்மா என்னை நிறுத்தினார்.

"கதவுக்கு அங்கால நிண்டவங்க?"

"தட்டினாங்க. திறந்து உட்டுட்டாங்க, உம்மா. எல்லாரும் வந்துட்டாங்க."

அடுத்த நாளும் சொல்லச் சொன்னார். அதற்கு அடுத்த நாளும். வாப்பா போன பிறகு உம்மா என்னோடு அவ்வளவு கதைத்தது அந்த மூன்று நாளும்தான். பாணையும் தாடியையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். கதவடியில் நிறுத்துவார். அதே கேள்வி. நானும் அதே பொய்.

மூன்றாம் நாள் பின்னேரம் மாமா மீன் கொண்டுவந்தார்.

"இவளுக்குப் படம் காட்டினயா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஏசாத, ராத்தா. பெருநாளும் அதுவுமா தனிய நிண்டாள்."

"அதில்ல. அந்த ரெண்டு பேரும் வெளிய வந்தாங்களா?"

மாமா மீன் கோர்வையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"இல்ல, ராத்தா."

"தட்டினாங்களாம்."

"ஓம்."

"எவ்வளவு நேரம் தட்டினாங்க?"

கோழி ஒன்று குறுக்கே போனது. அது போய் முடியும் வரைக்கும் மாமா பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்ச நேரம். ஒரு பத்துத் தரம் இரிக்கும். தண்ணி கெதியா நிரம்பிட்டு."

"கெதியாவா?"

"ஓம். கெதியா."

"நெசமா?"

"அல்லா மேல ஆண, ராத்தா."

நான் வாயைத் திறந்தேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

உம்மா எழும்பினார். கொடியிலிருந்து சாரனை எடுத்தார். மடித்தார். ஓரம் சரியாக வரவில்லை என்று உதறி இன்னொரு தரம் மடித்தார்.

"வெள்ளச் சீல ஒண்டு வாங்கித் தா" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

மிஞ்சியிருந்த மூன்று மாதமும் உம்மா அறைக்குள் இருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது என்று இப்போது தெரிந்திருந்தது. எனக்குத்தான் கதைக்க ஆள் இல்லை. மாமாவோடு நான் கதைக்கவில்லை. மீன் கொண்டுவந்தால் முகத்தைப் பார்க்காமல் சட்டியை நீட்டுவேன்.

"என்ன மருமகள், கோவமா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"நீங்க பொய்ச் சத்தியம் பண்ணினீங்க. நூறுக்கு மேல தட்டினாங்க. நான் எண்ணின."

மாமா அறை வாசலில் தொங்கிய திரைச் சீலையைத் திரும்பிப் பார்த்தார். என் முன்னால் குந்தினார்.

"மெதுவாக் கதை, புள்ள."

மீனைச் சட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கோபம் எனக்கு நெடுநாள் இருந்தது. மாமா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வாப்பா வந்திருப்பார் என்றிருந்தேன். உம்மா அதன் பிறகு அந்தப் படத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்கவே இல்லை.

எவ்வளவு நேரம் என்று உம்மா கேட்டது படத்தைப் பற்றித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.