சோப்பு வாங்குவதற்கும் தேய்ப்பதற்கும் நடுவே

எங்கள் அக்கா வீட்டில் யானையைத் தேய்த்துத்தான் குளிப்பார்கள். யானை கரைந்ததும் ஆமை வரும், ஆமைக்குப் பிறகு ஆந்தை. இதைக் கேட்டு முழிக்கிறவர்களுக்கு முதலில் அக்காவின் சிக்கனத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அக்கா ஒரு மருந்துக்கடையில் கல்லாவில் உட்காருகிறவள். அத்தான் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். இரண்டு பெண்கள். பெரியவள் ஒன்பதாவது படிக்கிறாள், சின்னவள் மூன்றாவது. அதே கட்டிடத்தின் மாடி அறையில் நான் இருக்கிறேன். தனிக்கட்டை, கையில் காசு தங்காது. ஊதாரி என்பது அக்கா எனக்கு வைத்த பெயர், கஞ்சம் என்பது நான் அவளுக்கு வைத்தது. இரண்டு பெயரும் பொருத்தம்தான்.

சம்பளம் வந்த அன்றைக்கே வாடகைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, மளிகைக்கு, கரண்டுக்கு, பஸ்ஸுக்கு என்று பிரித்து வைத்துவிடுவாள். பிறகு அந்த மாதம் முழுக்க வானமே இடிந்து விழுந்தாலும் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட மாட்டாள். பற்பசை ட்யூப் காலியானால் கத்தரியால் வெட்டிப் பிளந்து, உள்ளே ஒட்டியிருப்பதில் இன்னும் நாலு நாள் ஓட்டுவாள். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். இத்தனை பிரிவிலும் அவளுக்கென்று ஒரு பிரிவு கிடையாது. ஒருமுறை கேட்டேன்.

"ஏன்க்கா, பொழுதுபோக்குக்குன்னு கொஞ்சம் எடுத்து வெச்சா என்ன?"

"பொழுதைப் போக்கறதுக்குக் காசா? அது பாட்டுக்குத் தானா போயிட்டிருக்குடி. அதைப் பிடிச்சு நிறுத்தறதுக்கு வேணா காசு குடுக்கலாம்."



பொழுதைப் பிடித்து நிறுத்தும் இடம் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. எங்கள் கட்டிடத்தில் சாயங்காலம் மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். தொட்டி நிரம்பியதும் யாராவது நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வழிந்து வீணாகும். டீவியைப் பார்த்தபடி மறந்துபோய், பிறகு ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வதுதான் குடியிருப்பவர்களின் வழக்கம். வழிகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டு வயிறு எரிந்து, அந்த வேலையை அக்காவே ஏற்றுக்கொண்டாள். மாடிப்படிக்குக் கீழே சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். அரைமணி நேரம் எங்கேயும் நகர முடியாது. துணி மடிக்கலாம் என்றால் தரையில் தூசி. காய் நறுக்கலாம் என்றால் வெளிச்சம் போதாது. அவள் வாழ்க்கையில் வேலை எதுவும் நுழைய முடியாத அரைமணி அது ஒன்றுதான்.

அப்படி ஒருநாள், மளிகைப் பையிலிருந்து ஒரு சோப்பை எடுத்து, அதன் மேல் அழுத்தியிருந்த கம்பெனிப் பெயரைக் கொண்டை ஊசியால் சும்மா சுரண்டியிருக்கிறாள். எழுத்து போனது. இன்னும் சுரண்டினாள். மோட்டாரை நிறுத்தும்போது கையில் ஒரு மீன் இருந்தது. மீனா, செருப்பா என்று முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது. வால் இருந்ததால் மீன் என்று ஒப்புக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. பெரியவளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து முனை மழுங்கிய காம்பஸ் வந்தது. பிடி உடைந்த சின்னக் கத்தி, தேய்ந்த டூத் பிரஷ், பழைய தட்டு, மடியில் விரிக்க நேற்றைய பேப்பர். காசு கொடுத்து வாங்கியது ஒன்றுகூட இல்லை. செதுக்கும்போது விழுகிற தூளை ஒரு கிண்ணத்தில் சேர்த்து, அத்தானின் சட்டைக் காலருக்குப் போட்டுத் தேய்ப்பாள். அச்சு மை படிந்த காலர் அது. அதற்கு வாங்குகிற சோப்புத்தூளும் பாதியாகக் குறைந்தது.

சட்டமும் அவளே போட்டாள். "குளிக்கறதுக்கு எப்படியும் சோப்பு வாங்கறோம். வாங்கினதுக்கும் தேய்க்கறதுக்கும் நடுவுல அது சும்மாதானே கிடக்குது? அந்த நடுவுல மட்டும் அது என்னோடது."

அதனால்தான் அவள் செய்ததில் எதுவும் அலமாரியில் நிற்காது. குளியலறைச் சோப்பு தீர்ந்ததும், அடுத்து நிற்பது எதுவாக இருந்தாலும் உள்ளே போகும். ஒருமுறை யானை ஒன்று செய்தாள். காதில் மடிப்பு, தும்பிக்கையில் சுருக்கம் எல்லாம் விழுந்த யானை. எனக்கு மனசே ஆறவில்லை.

"இதையாவது வெச்சுக்கோயேன், பாவி!"

"வெச்சுக்கிட்டா ஒரு சோப்பு கூடுதலா வாங்கணும். அது செலவு" என்று சொல்லி, யானையின் முதுகைத் தட்டிப் பெரியவளிடம் கொடுத்து அனுப்பினாள். முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று கூர்ந்து பார்த்தேன். இருக்கவில்லை. மறுநாள் மோட்டார் போடுகிற நேரத்துக்கு அவளுக்கு இன்னொரு சோப்பு இருந்தது.

இந்தச் சமயத்தில் அச்சகத்தில் வேலை குறைந்தது. பெரிய ஆர்டர் ஒன்று கைநழுவிப் போய், ஓவர்டைம் நின்றுவிட்டது. ஓவர்டைம்தான் அவர்கள் மளிகையில் பாதி. அக்கா ஒவ்வொரு செலவாகப் பிடித்து இறுக்கினாள். அக்காவின் மருந்துக்கடையில் திரவ சோப்பு பெரிய கேனில் வந்திறங்கியது அப்போதுதான். அஞ்சு லிட்டர், மேலே அமுக்குகிற பம்பு, வேலை செய்கிறவர்களுக்குத் தள்ளுபடி வேறு. ஒரு குளியலுக்கு இரண்டு அமுக்கு, கை கழுவ ஒரு அமுக்கு என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். கேன் இரண்டு மாதம் வரும். சோப்புக் கட்டியைவிட மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

கேன் வீட்டுக்கு வந்த அன்று நான் கீழே இருந்தேன். அத்தான் அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"அப்போ நீ...?"

"நான் என்ன நான்? மிச்சமாகுதா இல்லையா?"

"ஆகுது."

"அப்புறம் என்ன?"

வேறொருத்தி கேனை வாங்கச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். இங்கே கேனை வாங்கியவளும் அவள்தான், கத்தியை எடுத்து வைத்தவளும் அவள்தான். யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? எனக்குத்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று பிடித்து வைத்திருந்தது அந்த அரைமணி. அதையும் கணக்கில் கழித்துவிட்டாள்.

"ஒரு டஜன் சோப்பு நான் வாங்கித் தரேன். என் காசு. நீ செதுக்கு."

"வேண்டாம்டி. குளிக்க வாங்காத சோப்பைச் செதுக்கினா அது பொம்மை. எனக்குப் பொம்மை வாங்கற வயசா?"

"கௌரவமாக்கும்!"

"ஆமா, கௌரவம்தான்" என்றாள். அதற்குமேல் அவளிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று.

சாயங்காலம் மோட்டார் போட்டுவிட்டு முக்காலியில் வெறும் கையோடு உட்கார்ந்தாள். ஒருநாள் உருளைக்கிழங்கில் முயல் செதுக்கிப் பார்த்தாள். தொட்டி நிரம்புவதற்குள் முயல் கறுத்துவிட்டது. அதைத் துண்டு போட்டு அன்றைய குழம்பில் சேர்த்தாள். மறுநாளிலிருந்து அதுவும் இல்லை. வேலை இல்லாத கைக்குப் பதிலாக வாய் வேலை செய்ய ஆரம்பித்தது. ஃபேன் ஏன் இத்தனை வேகத்தில் சுற்றுகிறது, பென்சிலை ஏன் இவ்வளவு சீவினாய், செருப்பை ஏன் இழுத்து இழுத்து நடக்கிறாய் என்று வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். சின்னவள் என் அறைக்கு ஓடிவந்து, "சித்தி, அம்மாவுக்கு யாராவது ஒரு சோப்பு குடுங்களேன்" என்று கெஞ்சினாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். நாலு வருஷமாகக் கழுவாத சைக்கிள் அது. வாளி நிறைய நுரை, ஒவ்வொரு கம்பியாகத் தேய்க்கிறார். பக்கத்தில் கேன். இந்த மனுஷனுக்குத் திடீரென்று என்ன வந்தது என்று நினைத்தேனே தவிர, வேறெதுவும் எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது வாரம் கேன் இருமியது. பம்பை அமுக்கினால் காற்றும் நுரையுமாக வந்தது. அக்கா தூக்கிப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள். இரண்டு மாதம் வர வேண்டியது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் விசாரணை. கேன் நடுவில் வைக்கப்பட்டது. என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள், சாட்சியாகவோ என்னவோ.

"யாரு எத்தனை அமுக்கு அமுக்கறீங்க? உண்மையைச் சொல்லணும்."

சின்னவள் முதலில் மாட்டினாள். குழாய் வைத்துச் சோப்பு முட்டை ஊதியிருக்கிறாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. பெரியவள் அமுக்குகளை எண்ணுவதே இல்லையாம். "அது கையில வழிஞ்சு ஓடிடுதும்மா. பாதி தரைக்குத்தான் போகுது."

"நீங்க?"

அத்தான் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மை போகலையே. ஏழெட்டு அமுக்கினாத்தான்..."

"சைக்கிள்லயும் மையா?" என்று நான் போட்டு உடைத்தேன். அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அவளோ வேறு கேள்வி கேட்டாள்.

"இதே நாலு பேருதானே சோப்புலயும் குளிச்சோம்? அது மட்டும் எப்படி அத்தனை நாள் வந்துச்சு?"

பெரியவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"யானை மூஞ்சிய யாரும்மா தேய்ப்பா? நான் அடிப்பக்கம் மட்டும்தான் தேய்ச்சுப்பேன்."

"ஆமைக்குத் தலை போனப்போ நான் ரெண்டு நாள் குளிக்கவே இல்ல. தண்ணி மட்டும் ஊத்திக்கிட்டு வந்துட்டேன்" என்றாள் சின்னவள்.

"அடிப்பாவி!"

"அந்த ஆந்தை என்னையே முறைச்சுப் பார்க்கும்" என்றார் அத்தான். "அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சுட்டுத்தான் குளிப்பேன். முதுகுல ரெண்டு தேய், அவ்வளவுதான். அதுமேல அழுத்தறதுக்குக் கை வராது."

அக்கா கேனையே பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது, மனக்கணக்கு ஓடுகிறது என்று அர்த்தம். நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த உதட்டையே பார்த்தோம். பள்ளிப் பரீட்சை முடிவுக்குக்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை. ஒரு விரல் மடங்கியது, இன்னொன்று மடங்கியது, இரண்டும் நிமிர்ந்தன.

"சோப்பே தேவலாம்" என்றாள். "இதைவிட அது மிச்சம்."

"அப்பாடா!" என்று அத்தான் வாய்விட்டே சொல்லிவிட்டார். சின்னவள் எழுந்து குதித்தாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அதை நான் மறைக்கவும் இல்லை. ஒரு பெண்ணுக்கு ஒரு சோப்புக் கட்டி திரும்பக் கிடைத்ததற்கா இத்தனை என்று கேட்பவர்கள், அந்த மூன்று வாரம் அந்த வீட்டில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் மோட்டார் சத்தம் கேட்டதும் கீழே இறங்கினேன். முக்காலி, மடியில் பேப்பர், கையில் கத்தி. தூள் கிண்ணத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. அவள் முகம் அவள் முகமாகத் திரும்பியிருந்தது. படியில் உட்கார்ந்து என்ன செதுக்குகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். உருண்ட உடம்பு, குட்டைக் கழுத்து, மேலே வளைந்த மூக்கு.

"இது என்ன, வாத்தா?"

"நல்லாப் பாரு."

கேன். பம்பு வைத்த கேன். சிரித்துவிட்டேன்.

"அத்தானைத் திட்டவே இல்லையே நீ? வேணும்னேதான் தீர்த்திருக்காரு, புரியலையா உனக்கு?"

"புரியாம என்ன? சைக்கிளைக் கழுவின கையோட வந்து, பம்பு லூசா இருக்குன்னு என்கிட்டயே சொன்னாரு. பொய் சொல்லத் தெரியாத மனுஷன்." கத்தி முனையால் பம்புக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, தூளை ஊதினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கணக்குல நான் என்னைக்குமே கை வெச்சதில்ல. உனக்குத் தெரியுமில்ல?"

"ஊருக்கே தெரியும்."

"அதான். கணக்குல வெக்கல. பம்புல வெச்சேன்."

எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

"அக்கா! நீயுமா?"

"அவங்க எல்லாம் தூங்கினதுக்கு அப்புறம் பாத்திரம் துலக்கறப்போ. ஒரு பத்துப் பன்னிரண்டு அமுக்கு..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை, சிரிப்பு பொங்கிவிட்டது. மடியிலிருந்த பேப்பர் நழுவித் தூளெல்லாம் கொட்டியது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷம் இருக்கும். நானும் சேர்ந்துகொண்டேன். மூச்சு வாங்கியது, விலா வலித்தது, ஒருத்தி நிறுத்தினால் இன்னொருத்தி ஆரம்பித்தாள்.

மாடியில் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவள் எழுந்திருக்கவில்லை. நான் போய் மோட்டாரை நிறுத்தினேன்.