என் பூத்துக்கு வந்த கப்பல் குரல்

டெலிபோன் பூத் நடத்துவது, அடுத்தவர் கவலையைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற தொழில். பூத் வைத்திருந்தவர்களுக்கு என் பாடு புரியும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இந்தக் கப்பல் ரேடியோ விஷயத்தைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது.

ஒருவர் பேசி முடித்தபின்

எல்லோர் கையிலும் செல்போன் வராத நேரம் அது. செல்வி சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிறவள். அவள் கணவர் முருகன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஞாயிறுதோறும் அவர் குரல் என் பூத்துக்கு வரும். கப்பல் ரேடியோவில் பேசுவது வானத்தின் உச்சியில் பட்டுத் திரும்பி, கரையிலுள்ள நிலையத்தில் இறங்குமாம். அங்கிருந்து ஆபரேட்டர் டெலிபோனில் சேர்த்துவிடுவார். கம்பியே இல்லாமல் அம்புட்டுக் கடலைத் தாண்டி ஒரு மனுசன் இருமுவதுகூடக் கேட்கும்!

ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் பேச முடியாது. ஒருவர் முடித்து 'ஓவர்' சொன்னால்தான் மற்றவர் தொடங்கலாம். முதல் நாள் பேசிவிட்டு வந்த செல்வி சொன்னாள்: "கல்யாணமாகி இன்னைக்குத்தான்க்கா அவுக நான் பேசி முடிக்கிறவரைக்கும் பொறுமையா இருந்திருக்காக."

படபட சத்தம்

ஒருமுறை செல்வியின் கம்பெனிக்குப் பக்கத்துக் கம்பெனியில் வெடிவிபத்து. செய்தி கப்பல்வரைக்கும் போய்விட்டது. பொண்டாட்டி உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் முருகன் மறுநாளே கூப்பிட்டார். ஆபரேட்டர் முன்கூட்டியே சொன்னதால் செல்வியை வரவழைத்திருந்தேன்.

ரிசீவரை எடுத்தாள். படபடவென்று சத்தம். கடலில் எங்கோ மின்னல் வெட்டினால் ரேடியோவில் அப்படிக் கேட்குமாம். அவளுக்கு அது தெரியுமா? வெடிமருந்து அறையில் படபடத்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று பழகியவள். "ஆத்தா!" என்று அலறி, கண்ணாடிக் கதவை இடித்துத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாள். தொங்கிய ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். "யக்கா, அது அவ அலறுன சத்தந்தானே? அங்கயும் வெடிச்சிருச்சா? ஓவர்."

திரும்பி வந்தவள்

மின்னல்தான் தம்பி என்றேன். நம்பவில்லை. அவளே பேசட்டும் என்றார். நான் வாசலில் நின்று கத்தினேன்: "அடியே செல்வி, வெடி இல்லடி, வானத்து மின்னலு! ஒன் வீட்டுக்காரரு அழுறாரு!"

வந்தாள். ரிசீவரில் இன்னும் படபடத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஓடத் தோதாக ஒரு கால் மட்டும் பூத்துக்கு வெளியே இருந்தது. முந்தின நாள் வெடித்த சத்தம் காதைவிட்டுப் போகாதவள், அந்த ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். "இருக்கேன். முழுசா இருக்கேன். நீங்க அழாம சோத்தப் பொங்குங்க. ஓவர்."

மறுநாள் காலையில் ஆசாரியை வரவழைத்து பூத்தின் கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டேன். பேசுகிறவர்களின் ரகசியம் தெருவுக்குப் போனாலும் போகட்டும், ஓடுகிறவர்களுக்கு வழி இருக்க வேண்டும்.