வெள்ளிக்கிழமைச் சீனி

நான் பட்டம் முடித்து வேலைக்குச் சேர்ந்த கல்முனை இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வெள்ளிக்கிழமைகளில்தான் கூட்டம் அதிகம். ஜும்ஆத் தொழுகை நாளின் அருளால் அன்றைக்கு இரத்தத்தில் சீனி குறைந்து, பணிந்து வரும் என்பது ஊரின் நம்பிக்கை. உண்மையிலேயே பணிந்துதான் வந்தது.

கல்முனைக்குடியிலிருந்து அண்ணன் முறையில் நான் காக்கா என்றழைக்கும் மீனவர் ஒருவர், காலில் ஆறாத புண்ணோடு வெள்ளி தோறும் வருவார்.

"ஜும்ஆட பரக்கத்து, புள்ள. இந்தத் தரமும் பணிஞ்சி வந்தா இன்சுலின் ஊசியக் கொறைக்கலாமெண்டு டொக்டர் சொல்லியிரிக்காரு."

"அப்ப புண் ஏன் காக்கா வெள்ளிக்கிழமையிலயும் ஆறல்ல?"

"வாயப் பாரு இந்தப் புள்ளக்கி!"

காலைதோறும், பெறுமானம் முன்பே தெரிந்த திரவத்தைச் சீனி அளக்கும் இயந்திரத்திற்குக் கொடுத்துச் சரிபார்ப்பேன். அது ஒருநாளும் பிசகியதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில், காலையில் எடுத்த இரத்தத்தை ஜும்ஆ முடிந்த பிறகே சுழற்றி இயந்திரத்தில் இட்டு அணுக்களைப் பிரிப்பது அங்கே வழக்கம். எடுத்த இரத்தத்தில் சீனி குறையாமல் காக்கும் மருந்திட்ட குழாய்களும் எப்போதாவதுதான் வந்துசேரும்.

ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனபின் நான் மட்டும் இருப்பேன். பாதி அடைத்த கதவின் வழியே குத்பாப் பிரசங்கமும் கடற்காற்றும் ஒன்றாக வரும். இயந்திரத்தின் நீலத் திரை வெளிச்சத்தில் குழாய்கள் உறங்குவதுபோல் நிற்கும். ஆனால் உடலைவிட்டு வந்ததை அறியாத இரத்த அணுக்கள் உள்ளே இன்னும் சீனியைத் தின்றுகொண்டிருந்தன. மிச்சத்தைத்தான் இயந்திரம் பிழையில்லாமல் அளந்து சொன்னது.

ஒரு வெள்ளிக்கிழமை காக்காவிடம் இரண்டு குழாய்களில் இரத்தம் எடுத்தேன்.

"என்ன புள்ள, ரத்த யாவாரமா?"

ஒன்றை உறைந்தவுடன் பிரித்தேன். மற்றதை வழக்கப்படி விட்டேன். ஒரே கை, ஒரே ஊசி. பிற்பகலில் வந்த இரண்டு எண்களில், வைத்திருந்ததன் குறைந்த எண் அவருடைய ஊசி மருந்தைக் குறைக்கும்; உடனே பிரித்ததன் கூடிய எண் குறைக்க விடாது. குறைத்தால் அந்தக் கால் என்னவாகும் என்பதை நினைத்துக்கொண்டே இரண்டையும் அவர் முன் வைத்து விளக்கினேன்.

கூடிய எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"கூடினதத்தான் டொக்டரிட்டக் காட்டணுமா?"

"ஓம் காக்கா."

கூடத்தின் உரிமையாளரிடமும் அந்த இரண்டு எண்களையே காட்டினேன். மறுவாரத்திலிருந்து ஜும்ஆவுக்கு முன்பே சுழற்றி இயந்திரம் ஓடியது. கூட்டம் மெல்ல மற்ற நாட்களுக்குக் கலைந்தது. காக்கா மட்டும் வெள்ளிக்கிழமையை விடவில்லை.

"தொழுகைப் பாங்குக்கு முந்தி இதச் சுத்திச் சுத்தி பரக்கத்தையெல்லாம் வெரட்டிப் போட்டாய்!"

காலில் கட்டு அப்படியே இருந்தது. ஊசியை அவர் குறைக்கவில்லை.