அக்காவுக்குத் தெரிஞ்சது என்ர காது

வெளிநாட்டில நான் இருக்கிற பாபடோயிட்டோயில லேப்டொப்பை டிவியில கொழுவ என்னை விட்டா ஆளில்லை. பச்சைப் பொய். வயரைக் கொழுவினது மகள், நான் மேசையைத் தள்ளினனான்.

சண்டை பிடிச்சுக் கனகாலம் கதைக்காத யாழ்ப்பாணத்து அக்கா, அண்டைக்குத்தான் வீடியோ கோலுக்கு ஓம் எண்டவா. டிவி நிறைய அவவின்ர முகம். ஆசையாப் பாத்துக் கதைச்சுக்கொண்டே இருந்தன். திடீரெண்டு அழுதா.

"இன்னும் கோவமோடா? முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறாய்!"

மகள் விழுந்து விழுந்து சிரிச்சா. கமரா பக்கத்து மேசையில இருந்த லேப்டொப்பிலயாம். அக்காவுக்கு என்ர காது மட்டும்தான் தெரிஞ்சதாம்.

லேப்டொப்புக்கு முன்னால பாய்ஞ்சன். "ஐயோ, உங்களைத்தானக்கா பாத்துக்கொண்டிருந்தனான்!"

அக்கா கண்ணைத் துடைச்சா. "நல்லாக் கிழடு தட்டிட்டுதடா உனக்கு. சாப்பிட்டியே?"

இப்பல்லாம் லேப்டொப்பை டிவிக்குக் கீழ, நேர வைச்சிட்டுத்தான் கதைக்கிறது. இன்னொண்டும் சொல்லோணும்... பொறுங்கோ, மகள் கூப்பிடுறா. அக்கா டிவியில வந்திட்டாவாம்.