ஹெப்சியின் லேப்டாப்புக்குப் புது எஸ்.எஸ்.டி.

சங்கரன்கோவில் திருவேங்கடம் சாலையில் பதினாறு வருடமாக சாம்சுந்தர் லேப்டாப் பழுது பார்க்கிறான். ஒட்டினாற்போல என் ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான், அவன் தும்மினால் எனக்குக் கேட்கும். அதனால் அவனைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. என் பெயர் தாவூது.

பழைய ஹார்டு டிஸ்க் காலத்தில் அவன் பேர் வாங்கினான். ஸ்டுடியோக்காரர் ஒருவர் தவறுதலாக அழித்துவிட்ட கல்யாணப் படங்களை ஒன்றுவிடாமல் மீட்டுக் கொடுத்தான். "அழிச்சாலும் எங்கயும் போகாது அண்ணாச்சி, உள்ளதான் கெடக்கும். நான் எடுத்துத் தாரேன்" என்பான். கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கைத்தொழில் தெரிந்தவனுக்கு அவ்வளவு இருக்கலாம் என்று நானும் விட்டுவிடுவேன்.

பிறகு ஹார்டு டிஸ்குக்கு மாற்றாக, அதைவிடப் பல மடங்கு வேகமான எஸ்.எஸ்.டி. வந்தது. அரசாங்கம் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகள் அதற்குள் பழசாகி மந்தமாகிக் கிடந்தன. ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி.யை மாட்டினால் அதே லேப்டாப் பட்டனை அமுக்கியதும் எழுந்து நின்றது. மேலநீலிதநல்லூரிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். அவனிடம் ஒரு கறார் வழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் லேப்டாப்புக்கு உரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, தன் கையால் தன் ஃபைல்களைத் திறந்து பார்த்து, எல்லாம் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை பழைய டிஸ்கில் கை வைக்க மாட்டான். "என்னவே, தாலி கட்டுததுக்கு முன்னால சம்மதம் கேக்குத மாதிரி கேக்குதீரு" என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

அந்த வழக்கத்தை அவன் ஒரே ஒரு தடவை மீறினான். வீட்டு லேப்டாப்தானே என்று மீறினான்.

அவன் மனைவி ஹெப்சி பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சர். ஆறு வருடமாகப் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை தவறாமல் புளியங்குடிக்குப் போய், பொன்னுச்சாமி என்பவரின் எலுமிச்சைத் தோப்பில் குறித்து வைத்த நாற்பது மரங்களின் இலைகளில் சொறி நோயின் புள்ளிகளை எண்ணுவாள். முதலில் சில வாரம் நோட்டில்தான் எழுதினாள். "நோட்டு மழையில நனையும், லேப்டாப்ல ஏத்து" என்று மாற்றிவிட்டவன் சாம்சுந்தர்தான். நாலு வருடக் கணக்கு மரத்தடியிலேயே நேராக லேப்டாப்புக்குள் போனது.

போன ஜூலையில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் பத்து நாள் இருந்தது. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசித் தவணை அது. ஐந்து பிரதி எடுக்க நான் நல்ல காகிதமாக வாங்கி அடுக்கியிருந்தேன். அவளுடைய லேப்டாப்பில் இருந்த சின்ன எஸ்.எஸ்.டி. நிறைந்துபோய், ஒரு பக்கம் திறக்கவே திணறியது. அவள் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து சாம்சுந்தர் அதைக் கடைக்குத் தூக்கி வந்தான். சாயங்காலம் வந்து திறந்ததும் ஆச்சரியப்படட்டும் என்று அவனுக்கு ஆசை.

"சீக்கிரம் ஆகட்டும்வே, திங்கக்கிழமை பிரிண்ட் எடுக்கணும்லா" என்று விரட்டியவன் நான். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பெரிய எஸ்.எஸ்.டி.யை மாட்டினான். புதிதாக விண்டோஸ் போட்டான். டெஸ்க்டாப்பில் இருந்தது, டாக்குமெண்ட்ஸ், படங்கள் எல்லாவற்றையும் மாற்றினான். 'தீசிஸ்' என்ற ஃபோல்டர் புது டெஸ்க்டாப்பில் வந்து நின்றதைப் பார்த்துத் திருப்தியானான். அது ஃபோல்டரே இல்லை, ஃபோல்டர் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் வெறும் ஷார்ட்கட். உண்மையான ஃபோல்டர் அதே பழைய எஸ்.எஸ்.டி.யின் இன்னொரு பாகமான டி டிரைவில் இருந்தது. டி டிரைவில் தான் எப்போதோ போட்டு வைத்த சினிமாக்கள்தான் கிடக்கும் என்று அவன் அந்தப் பக்கம் போகவில்லை. ஊரான் லேப்டாப்பாக இருந்தால் மூலையில் ஷார்ட்கட் என்று காட்டும் அந்தச் சின்ன அம்புக்குறி அவன் கண்ணுக்குத் தப்பியிருக்காது. பழைய எஸ்.எஸ்.டி.யை ஃபார்மட் செய்து முழுவதும் அழித்து, கடை உபயோகத்துக்கு எடுத்து வைத்தான். லேப்டாப்பை அவள் வருவதற்கு முன்பே வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

ஐந்து மணிக்கு ஹெப்சி போன் செய்தாள். "ஃபோல்டரை அமுக்கினா தொறக்க மாட்டேங்கு. என்னன்னு பாருங்க" என்றாள், சாதாரணமாகத்தான்.

சாம்சுந்தர் பழைய எஸ்.எஸ்.டி.யைத் திரும்ப மாட்டி, மீட்கும் சாஃப்ட்வேரை ஓடவிட்டான். எனக்கு அப்போதும் பயமில்லை. அவன் எடுத்துவிடுவான் என்றுதான் இருந்தேன். அவன் முகம்தான் சரியில்லை. ஹார்டு டிஸ்க் என்றால் அழித்தது உள்ளேயே கிடக்கும். எஸ்.எஸ்.டி. அப்படியில்லை. இந்த இடம் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அதுவே அந்த இடத்தைத் துடைத்துச் சுத்தமாக வைத்துவிடும். அந்தச் சுத்தம் இருந்தால்தான் வேகம் குறையாது. அந்த வசதி ஓடுகிறதா என்று ஒவ்வொரு லேப்டாப்பிலும் சரிபார்த்துக் கொடுப்பவனே அவன்தான். ஒவ்வொரு சாஃப்ட்வேராக மாற்றி ஓட்டிப் பார்த்தான். எல்லாவற்றிலும் வெறும் பூஜ்யம்.

வழிகாட்டிப் பேராசிரியருக்கு அவள் மெயிலில் அனுப்பியிருந்த முதல் இரண்டு அத்தியாயம் மட்டும் மிஞ்சியது. எழுதியதைத் திரும்ப எழுதலாம். நாலு வருடத்து மழையில் நாற்பது மரத்தில் வந்த புள்ளிகளை எங்கே போய்த் திரும்ப எண்ணுவது? தவணையும் முடிந்தது. முதலிலிருந்து தொடங்கலாம் என்று பேராசிரியர் சொன்னதற்கு, "இல்ல சார், போதும்" என்று சொல்லிவிட்டாள்.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் இவன் தேறியிருப்பான். இப்போது சனிக்கிழமைகளில் துணி துவைக்கிறாள். பொன்னுச்சாமி ஒருநாள் போன் செய்து, "டீச்சர், புதுத் தளிர் வந்திருக்கு, வரலியா?" என்று கேட்டிருக்கிறார். வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாளாம்.

சென்னையில் ஒரு மீட்பு நிலையத்துக்கும் அந்த எஸ்.எஸ்.டி.யை அனுப்பினான். எதுவும் எடுக்க முடியாது என்று ஒற்றை வரியோடு பத்தாம் நாள் திரும்பி வந்தது. அவன் குமைவது அதற்குத்தான் என்று இத்தனை மாதமாக நினைத்திருந்தேன். போன வாரம் டீ குடிக்கும்போதுதான் சொன்னான்.

"எஸ்.எஸ்.டி.யை அனுப்புததுக்கு முன்னால அந்தச் சென்னைக்காரன் ஒரு ஃபாரம் நிரப்பச் சொன்னான் தாவூது. தொலைஞ்ச ஃபைல் எதைப் பத்தினதுன்னு அதுல எழுதணும். பேனாவை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், எழுத வரலை. எலுமிச்சைன்னு மட்டும்தான் தெரியுது. அவளுக்குப் போன் போட்டு, உன் ஆராய்ச்சித் தலைப்பு என்னன்னு கேட்டேன்."

"சொன்னாளா?"

"சொன்னா. நான் எழுதி முடிக்கட்டும்னு ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திச் சொன்னா. பொறவு, 'ஆறு வருசத்துல இன்னைக்குத்தான் கேக்கிய'ன்னு சொல்லிட்டுப் போனை வச்சுட்டா."