பனிக்குள் கூப்பிட்ட பெயர்

நம் சனிக்கிழமை பஜனையில் என்னைப் பார்த்திருப்பீர்கள். கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். பாட்டு வராது, தாளமும் நிற்காது. ஆனால் அரோகரா போடும்போது மட்டும் என் தொண்டைதான் முன்னால் நிற்கும். பக்கத்து செக்டார் வரைக்கும் கேட்கிறதே என்று கேலி செய்யாதவர்கள் உங்களில் குறைவு. ஏன் அப்படிக் கத்துகிறேன் என்று இன்றைக்கு எழுதிவிடுகிறேன். நான் செத்துப்போயிருக்க வேண்டியவன். இன்று உங்களோடு உட்கார்ந்து சுண்டல் தின்கிறேன் என்றால், அது முருகன் போட்ட பிச்சை.

தொண்ணூறுகளின் நடுவில், டெல்லியில் இருந்த எனக்கு மாற்றல் வந்தது. மழையையும் பனியையும் அளந்து எழுதி அனுப்புகிற மத்திய அரசு வேலை. ஆர்டரில் அருணாச்சலப் பிரதேசம் என்று இருந்தது. திருநெல்வேலியில் இருந்த என் மாமியாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திருவண்ணாமலை என்று நினைத்துவிட்டார். கொடுத்து வைத்தவர் நீங்கள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போகலாமே என்றார். அது சீனா எல்லைப் பக்கம் அத்தை என்று நான் விளக்குவதற்குள், ஆர்.கே.புரம் டெலிபோன் பூத்துக்காரன் ‘பையா, ஜல்தி’ என்று அவசரப்படுத்திக் கண்ணாடியைத் தட்டினான். மாமியார் கடைசிவரை திருவண்ணாமலை என்றே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

போய்ச் சேர்ந்த இடத்தில் மனிதர்களை விட மேகம் அதிகம். காலையில் கதவைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து கட்டிலில் உட்காரும். ஒரு மலையில் நாலு வீடு, அப்புறம் இரண்டு மலை தாண்டித்தான் அடுத்த நாலு வீடு. நடுவில் காற்று மட்டும்தான். துவைத்துப் போட்ட வேட்டி விறைத்து அப்பளமாக நிற்கும். மலை சரிந்தால் ரோடு போய்விடும், ரோடு போனால் அரிசியும் கடிதமும் வராது. பேச ஆள் இல்லாமல் எனக்கு நானே தமிழில் பேசிக்கொள்வேன். சில நாள் நான் விழித்திருக்கிறேனா, தூங்குகிறேனா என்றே தெரியாது. எல்லாம் வெள்ளை. நேரமும் அந்த வெள்ளைக்குள் கரைந்துபோகும்.

அடுத்த வருஷம் மாசி மாதம். டெல்லியில் என் மனைவி செண்பகத்துக்கு நிறைமாதம். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து உண்டான பிள்ளை. ஒரு முறை கலைந்து, இரண்டாவதாகத் தங்கியது. மாமியார் துணைக்கு வந்திருந்தாலும் அவருக்கு ஹிந்தி ஒரு வார்த்தை வராது. ஆஸ்பத்திரிக்கு ஓட ஆண்துணை கிடையாது. லீவு கிடைத்த அன்றைக்கே ஆபீஸ் ஜீப்பில் ஏறிவிட்டேன். கணவாயைத் தாண்டிக் கீழே அஸ்ஸாமில் இறங்கினால் ரயில் பிடித்துவிடலாம்.

கணவாய்க்குச் சற்று முன்னால் பனி சரிந்து ரோடு மூடியிருந்தது. மதியம்தான். வெயில்கூடக் கொஞ்சம் இருந்தது. டிரைவர் அந்த ஊர்க்காரன். ‘பைட்டோ சாப்’, உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாய்ந்துவிட்டான். ராணுவத்து ஆட்கள் வந்து பனியைத் தள்ளுவார்கள், அதுவரை வண்டியை விட்டு இறங்கக் கூடாது, அதுதான் அங்கே முறை. எனக்கு உட்கார முடியவில்லை. அடுத்த வளைவில் ராணுவ ரோடு வேலைக்காரர்களின் கொட்டகை இருப்பது தெரியும். அங்கே போய்ச் சொன்னால் சீக்கிரம் வருவார்களே என்று இறங்கி நடந்தேன். ரோட்டோடு போயிருக்கலாம். வளைவைச் சுற்றுவானேன் என்று குறுக்கே இறங்கினேன்.

பாதி தூரத்தில் மேகம் வந்து மூடியது. திரும்பிப் பார்த்தால் என் கால் தடம் இல்லை. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. முழங்கால் வரை புதைகிறது. யாராவது இருக்கிறீர்களா என்று ஹிந்தியில் ‘கோயி ஹை?’ எனக் கத்தினேன். ‘ஹெல்ப்’ என்றும் கத்தினேன். என் குரல் எனக்கே பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் நடந்தேன் என்று சொல்லத் தெரியாது. கடைசியில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான், செண்பகம் தாலியறுக்கப் போகிறாள், பிள்ளை அப்பன் முகம் பார்க்காமல் பிறக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. கண்ணீர் கன்னத்திலேயே உறைந்து போனது.

அப்புறம் குளிர் நின்றுவிட்டது. இதை நம்புவது கஷ்டம். உடம்பெல்லாம் இதமாகிவிட்டது. எங்கள் குவார்ட்டர்ஸ் தெரிந்தது. ஜனவரி வெயிலில் பால்கனியில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கிறேன். உள்ளே குக்கர் சத்தம். கீழே காய்கறி விற்கிற சப்ஜிக்காரன் கூவிக்கொண்டு போகிறான். வெயில் மெள்ள மெள்ள மஞ்சளாகி, பால்கனி எங்கள் மலை மந்திர் முருகன் கோயில் படிக்கட்டாக மாறுகிறது. ஜனங்கள் ஏறுகிறார்கள். எல்லாரும் வாயைத் திறந்து என்னவோ கூப்பிடுகிறார்கள், சத்தம் மட்டும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் செண்பகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள். எல்லாக் கிருத்திகைக்கும் நான் கைகட்டிக்கொண்டு சும்மா நிற்பேன். படித்தவன், அரசாங்க உத்தியோகம், கோயிலில் கத்துவதற்குக் கூச்சம். அவள் திரும்பிப் பார்த்து, வழக்கமாகச் சொல்வதையே சொன்னாள்.

“ஏங்க, ஒரு தரம் வாயத் தொறந்து கூப்பிட்டா முத்தா உதிந்துரும்?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கனவில் வந்த ரோஷம்தான். படிக்கட்டில் நின்றபடி அடிவயிற்றிலிருந்து “முருகா!” என்று கூப்பிட்டேன். கூப்பிட்ட வேகத்தில் கண் விழித்துவிட்டது. மறுபடி வெள்ளை, மறுபடி குளிர். ஆனால் வாய் நிற்கவில்லை. முருகா, முருகா, அடேய் முருகா என்று, எங்கள் தெருவில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டேன். மரியாதையெல்லாம் பார்க்கவில்லை.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து பதில் வந்தது. தமிழில் வந்தது.

“யாருங்க அது? யாரு என்னக் கூப்டறது?”

உண்மையைச் சொல்கிறேன், சாமிதான் வந்துவிட்டது என்று நினைத்தேன். கையைத் தூக்கிக் கும்பிட்டேன். வந்தது பச்சைக் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்ட ஒரு பையன். மீசை சரியாக முளைக்கவில்லை. என்னைப் பார்த்து அவன் என்னை விட அதிகமாகப் பயந்துபோனான். நான் உட்கார்ந்திருந்த இடம் கொட்டகைக்குக் கூப்பிடு தூரம்தான். கொஞ்சம் தள்ளிப் பள்ளம். இன்னும் நாலு எட்டு நடந்திருந்தால் என்னை வெயில் காலத்தில்தான் எடுத்திருப்பார்கள்.

கொட்டகையில் அடுப்புப் பக்கத்தில் என்னைக் கிடத்தி, கை காலைத் தேய்த்துவிட்டு, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தான். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. வேலூர்ப் பக்கத்துப் பையன். பெயர் முருகன், அப்பா பெயர் சின்னசாமி. நம்மில் பாதிப்பேருக்கு டெல்லி ஆபீஸ்களில் நடக்கிற கூத்துதான் அவனுக்கும். பேருக்குப் பின்னால் எழுதிய அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, பட்டாளத்தில் அத்தனை பேரும் அவனைச் சின்னசாமி என்றே கூப்பிட்டார்கள். கூட வேலை செய்தவர்களில் தமிழ் ஆள் யாரும் இல்லை. மலைக்கு வந்ததிலிருந்து முருகா என்று ஒருவர் வாயாலும் கேட்டதில்லை. நான் ஹிந்தியில் கத்தியது அவன் காதில் விழுந்திருக்கிறது. ரோட்டுக் கூலிக்காரர்கள் எப்போதும் கத்துவதுதானே என்று மற்றவர்களோடு படுத்துத் தூங்கிவிட்டிருக்கிறான்.

“நல்லாத் தூங்கிக்கினு இருந்தேன் சார். எங்கம்மா வாசல்ல நின்னு கூப்ட்ட மாதிரி இருந்துச்சு” என்றான்.

ஜீப் டிரைவரை அப்புறம் போய் எழுப்பினார்கள். சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தானாம். பனி விலகி, ரயில் பிடித்து, நான் டெல்லி வந்து இறங்கியபோது செண்பகத்துக்கு இன்னும் வலி எடுக்கவில்லை. எனக்காகவே காத்திருந்த மாதிரி மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. வள்ளி என்று பெயர் வைத்தோம். டெல்லியில் பிறந்த பிள்ளை, தமிழில் முருகா என்று எழுதச் சொன்னால் தடுமாறுவாள். கூப்பிட வரும். அது போதும் எனக்கு.

தற்செயல் என்று சொல்கிறவர்கள் உண்டு. என் ஆபீசிலேயே சொன்னார்கள். தமிழ்நாட்டுப் பட்டாளத்துக்காரர்களில் பத்துக்கு இரண்டு முருகன், இதில் என்ன அதிசயம் என்றார்கள். கொஞ்ச நாள் எனக்கும் அப்படி ஒரு மயக்கம் இருந்தது. பயம் தெளிந்த பிறகு மனசு கணக்குப் பேச ஆரம்பிக்கும் இல்லையா?

இரண்டாயிரம் பிறந்த பிறகு அந்தப் பையன் முருகனுக்கு டெல்லி கண்டோன்மெண்டுக்கு மாற்றல் வந்தது. ஊரிலிருந்து அம்மாவை அழைத்து வந்து, முதல் ஞாயிற்றுக்கிழமையே எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த அம்மாள் காலில் விழப் போனேன், பதறிக் காலை இழுத்துக்கொண்டார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். உங்கள் குரல் என்று நினைத்துத்தான் எழுந்து வந்தான் அம்மா, நீங்கள் பெற்ற பிள்ளை என் உயிரைக் காப்பாற்றினான் என்றேன். மகனை ஒரு பார்வை பார்த்தார். அவன் செண்பகம் சுட்ட தோசைப் பக்கம் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

“நான் கூப்ட்டா இவன் எந்திரிப்பானா? நல்லா கேளு சார். தொண்டத் தண்ணி வத்தக் கத்துனாலும் சோத்துக்குக்கூட வர மாட்டான், அப்டித் தூங்குவான். அந்தக் குளுர்ல, மொத கொரலுக்கே எந்திரிச்சி வந்தான்னா, அவன எழுப்புனது நானும் இல்ல, நீயும் இல்ல.”

செண்பகம் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே கும்பிட்டாள். அன்றோடு என் மயக்கம் தெளிந்தது.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு பனி மூடியிருக்கும். நோயாக இருக்கலாம், வேலை போனதாக இருக்கலாம், வெளியே சொல்ல முடியாததாகவும் இருக்கலாம். கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். யாருக்குக் கேட்கும், யார் வருவார்கள் என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். எழுப்ப வேண்டியவனை அவன் எழுப்பிக்கொள்வான்.