பெரிய வியாழனும் என் வலது காலும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், புதுச்சேரியில் பிரெஞ்சு சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்த புதிது. வேலையைவிட, அதற்காகக் காலுக்கு வாங்கிய தோல் சப்பாத்தின் மேல்தான் எனக்குக் கர்வம் அதிகம். முதலியார்பேட்டையிலிருந்து மழையிலும் சேற்றிலும் நடந்தே வருவேன். சப்பாத்துக்குள் நனைந்த மேஜோட்டைக் கழற்றினால் கௌரவம் போய்விடும் என்று சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருப்பேன். அந்த வயசையும் அந்த மிடுக்கையும் இப்போது நினைத்தால் ஆசையாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது.

அந்த மழைக்காலத்திலேயே வலது காலின் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே அரிப்பு ஆரம்பித்தது. தோல் வெள்ளையாக ஊறி உரிந்தது, நாற்றம் வேறு. ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்ததுமே சேற்றுப்புண் என்றார். விரலிடுக்கில் ஈரமே இருக்கக் கூடாது, மேஜோட்டைத் தினமும் மாற்றி வெந்நீரில் துவைக்க வேண்டும், சப்பாத்தை வெயிலில் காயவைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லி, ஒரு களிம்பும் கொடுத்தார். "அரிப்பு நின்னாலும் களிம்ப நிறுத்தாதீங்க, ஒரு மாசம் போடணும். நீங்க கால் துடைக்கிற துண்ட வேற யாரும் தொடக் கூடாது" என்றார். பத்தே நாளில் அரிப்பு நின்றது. களிம்பைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டேன். படித்தவன் அல்லவா!

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் அரிப்பு திரும்பவும் வந்தது. பெரிய வியாழனன்று, இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துச் செய்யும் பாதம் கழுவும் சடங்குக்கு, பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவனாக உட்காரச் சொல்லி பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டதும் அப்போதுதான். எங்கள் வீட்டில் யாருக்கும் கிடைக்காத மரியாதை அது. எப்படி வேண்டாம் என்பது? இடது காலை நீட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் சடங்கில் வலது கால்தான் வழக்கம். கடைசியில் விரலிடுக்கில் முகப் பவுடரை அப்பிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

நான் பதினோராவது ஆள். எனக்கு அடுத்து, கடைசியாக, ஒரு புஸ்வண்டிக்காரர். பின்னாலிருந்து ஆள் தள்ளிக்கொண்டே ஓடும் அந்த வண்டியை இன்று ஊரில் பார்க்க முடியாது. சாமியார் தண்ணீர் ஊற்றியதும் பவுடர் கரைந்து ஓடியது. துவாலையால் விரலிடுக்கு வரை துடைத்து, குனிந்து முத்தமிட்டார். அதே ஈரத் துவாலையோடு அடுத்த காலுக்கு நகர்ந்தார். 'வேண்டாம் சாமி' என்று சொல்ல வாய் திறந்தவன், காலை அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டேன். கோயில் நிறைய ஜனம். முன்னால் என் அம்மா பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

ஒரு மாதம் கழித்து அந்தப் புஸ்வண்டிக்காரரைத் தெருவில் காணோம் என்று விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். விரலிடுக்கு வெடித்து, புழுதி சேர்ந்து, பாதமே வீங்கிக் கிடந்தது. ஓடிப் பிழைக்கிற மனுஷர், காலைத் தரையில் ஊன்ற முடியாமல் உட்கார்ந்திருந்தார். என்னால்தான் என்று உடைத்துச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் முசியே. தண்ணி ஊத்தறப்பவே உங்க கால பாத்துட்டேன்" என்றார். ஐயா என்பதற்கு அவர் வாயில் பிரெஞ்சு 'முசியே'தான்.

"அப்புறம் ஏன் கால நீட்டினீங்க?"

"நான் இழுத்துக்கினா எல்லாரும் உங்க காலத்தான் பாப்பாங்க. உங்க அம்மா வேற எதிர்ல குந்தினு இருந்தாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வண்டியிலேயே அவரை உட்காரவைத்து ஆஸ்பத்திரி வரை நானே தள்ளிக்கொண்டு போனேன். முன்னால் இருப்பவர் கையில்தான் வண்டியைத் திருப்பும் கம்பி. அதைப் பிடித்துக்கொண்டு, "மெள்ள முசியே, பள்ளம்" என்று கிண்டல் செய்தபடி வந்தார். ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டும். வீக்கம் வடிந்து புண் ஆற இரண்டு மாதமானது. அவர் களிம்பை நிறுத்திவிடாமல் இருக்க வாராவாரம் போய்ப் பார்த்தேன், நானும் ஒழுங்காகப் போட்டேன். சாமியாரிடமும் சொன்னேன். மறு வருஷம் பீடத்தருகே பன்னிரண்டு துவாலைகள் மடித்து வைத்திருந்தார்கள்.

என் கௌரவத்தைப் பவுடர் போட்டு நானே காப்பாற்றிக்கொண்டதாக அன்று நினைத்தேன். தன் காலைக் கொடுத்து அதைக் காப்பாற்றியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் என்பதை நினைத்தால், இந்த வயதிலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.